பழைய தமிழ் நூலை மின்னூலாக்குவது எப்படி?

என் பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001-ஆம் ஆண்டில் தம் கட்டுரைகளைத் தொகுத்து, ஊரிலிருந்த ஒரு டிடிபி நிலையத்தில் தட்டச்சுக்குக் கொடுத்து, முந்நூறு படிகள் அச்சிட்டு மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும் வழங்கினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபதிப்புக்கு முயன்றபோது அந்த நிலையம் இல்லை. அவர்கள் கொடுத்திருந்த குறுந்தகடு மட்டும் பீரோவில் பட்டுத்துணியில் சுற்றி வைத்தபடி இருந்தது. குறுந்தகடு திறந்தது, கோப்பும் திறந்தது, ஆனால் திரையில் ஒரு தமிழெழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பக்கம் பக்கமாக நின்றன. "அவ்வளவும் போச்சா?" என்று பெரியப்பா கேட்டார். போகவில்லை. இரண்டு வார உழைப்பில் அந்த நூல் முழுவதையும் மீட்டு மின்னூலாக்கினோம். அன்று கற்றதையும், அதன்பின் நண்பர்களின் நூல்களுக்காகச் செய்தபோது கற்றதையும், கணினியில் ஓரளவே பழக்கமுள்ளவரும் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கணினியில் இருப்பதெல்லாம் மின்னூல் ஆகிவிடாது. பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கட்டி வைத்தால் அது நூலின் நிழற்படம்தான். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கி வரிமாற்றத்துடன் படிக்க முடியாது, பார்வையற்றவர் திரைபடிப்பான் மூலம் கேட்கவும் முடியாது. எழுத்து எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால்தான் இவையெல்லாம் கைகூடும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த நிலைக்கு நூலைக் கொண்டு சேர்ப்பதற்காகத்தான்.

உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

வேலையைத் தொடங்குமுன் நூலின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1960-இல் மறைந்த ஒருவரின் நூல்கள் 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு யாரும் வெளியிடக்கூடியவை ஆயின. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இக்காலத்தை 70 ஆண்டுகளாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. ஆனால் மூலம் பொதுவில் இருந்தாலும், பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, உரை, அடிக்குறிப்பு, ஓவியர் வரைந்த படம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர் உயிரோடிருந்தால் அவரிடமும், மறைந்திருந்தால் வாரிசுகளிடமும் எழுத்து வடிவில் இசைவு பெறுங்கள். பதிப்பகத்துக்கு முன்பே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று தயங்குபவர்கள் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் காலவரை குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கொள்ளப்படும் என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு.

கோப்பும் விசைப்பலகையும்

கணினியில் நூலுக்கென ஒரு கோப்புறை உருவாக்கி, அதனுள் மூலம், பணி, முடிந்தவை என்று மூன்று உட்கோப்புறைகள் வையுங்கள். ஸ்கேன் செய்த படங்களோ பழைய குறுந்தகட்டுக் கோப்புகளோ மூலம் என்ற கோப்புறையில் போனால், பிறகு அவற்றை ஒருபோதும் திருத்தக் கூடாது. படியெடுத்து, அந்தப் படியில்தான் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் பணிக்கோப்பை நாளிட்ட பெயரில் சேமித்தால், நேற்றைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும். கண்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்தினால் சேமிக்கும், இசட் அழுத்தினால் கடைசியாகச் செய்த தவறு நீங்கும், எஃப் அழுத்தினால் தேடும், எச் அழுத்தினால் தேடி மாற்றும். இந்த நான்கும் விரலுக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நூலின் படி ஒன்று கணினியிலும், ஒன்று பென்டிரைவிலும், ஒன்று இணையச் சேமிப்பிலும் எப்போதும் இருக்கட்டும்.

தமிழ் தட்டச்சில் பல முறைகள் உள்ளன. ஆங்கில ஒலிப்பு முறையில் எழுதப் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். ஆனால் ஒரு முழு நூலைத் தட்டச்சு செய்யப்போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது தமிழ் 99 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. இதன் அழகு புள்ளி வைக்கும் விதியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். ங, க என்று தட்டினால் ங்க வரும், ந, த என்று தட்டினால் ந்த வரும். நாம் பேசும் தமிழில் எந்த மெய் எதனோடு மயங்கும் என்பதை அறிந்து அமைத்த விதி இது என்பதால், ஒரு வாரப் பயிற்சிக்குப் பின் விரல்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகின்றன.

விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தும்போது மொழி மாறும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம்.

பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு

பெரியப்பாவின் குறுந்தகட்டில் இருந்த மர்மம் இதுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கமான யுனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் தமிழ் என்ற சொல்லை எழுதினால், கணினியின் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்நாட்டில் டாம், டாப், வானவில், ஸ்ரீலிபி என்று வேறு பல குறியாக்கங்கள் வழங்கின. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் எழுதியதை இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் திறந்தால் எழுத்து தாறுமாறாகிவிடும்.

யுனிகோடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபிறகு வீட்டுக் கணினிகளிலும் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு யுனிகோடையும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ் 16 ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தருவது, அச்சுப் பணியில் சிலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் கைப்பேசியும் உலாவியும் மின்னூல் படிப்பானும் புரிந்துகொள்வது யுனிகோடை என்பதால், வாசகரிடம் போகும் கோப்பு யுனிகோடில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பழைய கோப்பை மாற்றுவதற்கு முதலில் அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று அறிய வேண்டும். கோப்பைத் திறந்து, புரியாத வரியொன்றின்மேல் சுட்டியை வைத்தால், எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்தப் பெயரைக் கொண்டு என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் உரிய குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு நூலையும் ஒரேயடியாக மாற்றிவிட வேண்டாம். கொ, கோ, கௌ, ஸ்ரீ, மேற்கோள் குறி, எண் ஆகியவை இடம்பெறும் ஒரு பத்தியை எடுத்து முதலில் சோதியுங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால், பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து சேமிக்கப்பட்டிருக்கும். யுனிகோடில் ககரம் முன்னால் வந்து, ஒகரக் குறி அதைத் தொடரும். ஒழுங்கான மாற்றி இந்த வரிசையைத் தானே சீர்செய்யும். சோதனைப் பத்தியில் கொம்பு தனியே ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கினால் நீங்கள் தேர்ந்த குறியாக்கம் தவறு என்று பொருள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நூலின் நடுவே ஆங்கிலச் சொற்களோ மேற்கோள்களோ இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும், பொருளற்ற தமிழெழுத்துகள் உண்டாகும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளைத் தனிக்கோப்பில் வெட்டி வைத்து, அவை இருந்த இடத்தில் ஓர் எண் அடையாளத்தை இட்டு, மாற்றியபின் திரும்ப ஒட்டுங்கள். பெரியப்பாவின் நூலில் கால்டுவெல்லைப் பற்றிய ஒரு கட்டுரை முழுவதும் இப்படித்தான் சிதைந்து, நான் இரண்டாம் முறை தொடங்கவேண்டி வந்தது.

அச்சுப் படியிலிருந்து எழுத்தை எடுத்தல்

கோப்பே இல்லை, அச்சிட்ட நூல் மட்டும் இருக்கிறது என்றால், ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக்கலாம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசியில் படமெடுப்பதாயின் சன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கம் வளையாதபடி கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்து எடுப்பது நல்லது. முதுகு இற்றுப்போன நூலை ஸ்கேனரில் அழுத்தி விரிக்காதீர்கள். நூல் பிழைத்திருந்தால்தான் பிறகு மெய்ப்புப் பார்க்க, அதாவது மூலத்தோடு ஒத்துப் பிழை திருத்த முடியும்.

எழுத்துணரிகளில் எளியது கூகுள் டிரைவ். படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ ஏற்றி, அதன்மேல் வலச்சொடுக்கிட்டு, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால், படத்துக்குக் கீழே உரை வந்து நிற்கும். கோப்பு இரண்டு எம்பிக்குள் இருப்பதும், பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுவதும் நல்ல விளைவைத் தருகின்றன. இணையம் இல்லாமல் வேலை செய்ய விரும்புவோருக்கு டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, அதற்குத் தமிழ்த் தரவும் உண்டு.

பழைய நூல்களில் ஒரு தனிச் சிக்கல் எழும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணா, றா, னா ஆகியவை சுழித்த கால் கொண்டும், ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்பு கொண்டும் அச்சாயின. ஒகர ஓகார வரிசையில் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. எழுத்துணரிக்கு இந்தப் பழைய வடிவங்களில் போதிய பழக்கம் இல்லாததால், பழைய நூலில் இந்த எழுத்துகள் வரும் சொற்களையெல்லாம் ஐயத்தோடு பார்க்க வேண்டும். பழைய அச்சுகள் 1978-க்குப் பின்னும் அச்சகங்களில் புழங்கியதால், ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இனி மெய்ப்பு. என் கருத்தில் மின்னூல் வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரமும் இங்கேதான் செலவாக வேண்டும். எழுத்துணரி செய்யும் பிழைகள் மனிதர் செய்யும் பிழைகளைப் போன்றவை அல்ல, ஆகவே கண் அவற்றை எளிதில் தாண்டிப் போய்விடும். கால் குறியை ரகரமாகப் படிப்பது மிகுதி, பாரதி என்பது பரரதி ஆகும். தேடும் பெட்டியில் இரண்டு ரகரத்தை அடுத்தடுத்து இட்டுத் தேடினால் இவற்றில் பெரும்பகுதி சிக்கும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு விழுந்து, என்ற என்பது ௭ன்ற ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு வேறு. தமிழ் எண்கள் ஒவ்வொன்றையும் தேடி, அவை உண்மையில் எண்தானா என்று பாருங்கள். ஔகாரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட நூலில் ஔவையார் என்று எத்தனை முறை தேடினாலும் ஔவையார் கிடைக்கமாட்டார்.

தமிழ் அச்சின் வழக்கம் ஒன்று இங்கே இன்னும் பெரிய வேலை வைக்கிறது. ஆங்கில நூல்களில் சொல் வரியிறுதியில் உடைந்தால் சிறுகோடு இடுவார்கள். நம் நூல்களில் கோடில்லாமலே சொல்லை உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள். எழுத்துணரி ஒவ்வொரு வரியையும் தனிப்பத்தியாகத் தந்திருந்தால், உண்மையான பத்தி முடிவுகளில் மூன்று உடுக்குறிகளை (***) இட்டு, மற்றப் பத்திக்குறிகளையெல்லாம் தேடி மாற்றும் வசதியால் இடைவெளியாக்கி, பிறகு உடுக்குறிகளைப் பத்திக்குறிகளாக மாற்றுவது வழி. ஆனால் அப்போது வந்தான் என்ற சொல் வந் தான் என்று இரண்டாகி நிற்கும். நூற்றுக்கணக்கில் இப்படி இருக்கும்.

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது நம் இலக்கணம். மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள், இறுதியில் வரும் எழுத்துகள் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துத் தந்திருப்பதைப் பள்ளியில் படித்து மறந்திருப்போம். ட, ண, ற, ன, ழ, ள ஆகிய எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே இடைவெளியை அடுத்து னகரம், இடைவெளியை அடுத்து ளகரம் என்று ஒவ்வொன்றாகத் தேடினால், உடைந்த சொற்களின் பின்பாதிகள் வரிசையாக வந்து நிற்கும். டாக்டர் போன்ற பிறமொழிச் சொற்களை மட்டும் விட்டுவிட வேண்டும். அதேபோல இன்றைய உரைநடையில் ங், ந், ட், ற் ஆகிய மெய்களில் சொல் முடிவதில்லை என்பதால், இவற்றை அடுத்து இடைவெளி வரும் இடங்களைத் தேடுங்கள், முன்பாதிகள் கிடைக்கும். சொல்லின் நடுவே உயிரெழுத்து நின்றால், அளபெடையாக இருந்தாலொழிய, இரண்டு சொற்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இந்த மூன்று தேடல்களையும் பெரியப்பாவிடம் செய்து காட்டியபோது, முப்பது ஆண்டுகள் எழுத்ததிகாரம் நடத்தியவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, அன்று மாலை முழுவதும் தாமே உட்கார்ந்து தேடினார்.

தேடலில் சிக்காத பிழைகளுக்கு மனிதக் கண்ணும் காதும்தான் வழி. ஒருவர் அச்சுப் படியை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையில் ஒத்துப் பார்க்கும் பழைய அச்சக முறையை விஞ்சியது எதையும் நான் காணவில்லை. ஒருநாளில் இருபது பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், களைத்த கண் திருத்தாது. மூல நூலின் எழுத்து வழக்கு இன்றைய வழக்கோடு மாறுபட்டால், அதை மாற்றாமல் அப்படியே விடுவதுதான் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை.

பாணியும் அமைப்பும்

திருத்திய உரையை லிப்ரே ஆபீஸிலோ வேர்டிலோ வைத்து ஒழுங்குபடுத்த வேண்டும். நூல் தலைப்பு, இயல் தலைப்பு, உட்தலைப்பு, பத்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மென்பொருளில் உள்ள பாணியை (ஸ்டைல்) பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் மனிதருக்கு அது தலைப்பு, கணினிக்கு அது தடித்த வரி மட்டும். தலைப்பு 1 என்ற பாணியைக் கொடுத்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும், வாசகர் தொட்டவுடன் உரிய இயலுக்குப் போக முடியும். தலைப்பை நடுவில் கொண்டுவர இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டே போவது, புதுப்பக்கம் தொடங்க என்டர் விசையைப் பலமுறை அழுத்துவது ஆகிய இரண்டு பழக்கங்களையும் கைவிடுங்கள். ஐந்தங்குலக் கைப்பேசியில் அந்த இடைவெளிகள் பக்கத்தைச் சிதறடிக்கும்.

செய்யுளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு பாடலின் அடிகளுக்கிடையே ஷிஃப்ட் விசையோடு என்டர் அழுத்தி வரியை மட்டும் முறித்து, பாடல் முடியும் இடத்தில் என்டர் மட்டும் அழுத்துங்கள். அப்போது வெண்பாவின் நான்கடியும் ஒரே பத்தியாகக் கட்டுண்டு நிற்கும். அடிக்குறிப்புகளை மென்பொருளின் அடிக்குறிப்பு வசதியால் சேர்த்தால் அவை மின்னூலில் இணைப்புகளாகும். 47-ஆம் பக்கம் காண்க என்பது போன்ற குறிப்புகளுக்கு மின்னூலில் பொருள் இல்லை, பக்க எண்ணே அங்கே நிலையாக இராது. அவற்றை இயலின் பெயரைச் சுட்டுவதாக மாற்றி இணைப்புக் கொடுங்கள்.

இபப் கோப்பு

மின்னூலுக்கான பொதுத்தரம் இபப். 2007-இல் உறுதியான இரண்டாம் பதிப்பிலிருந்து வளர்ந்து, 2011-இல் மூன்றாம் பதிப்பாகி, இன்று உலகளாவிய வலைத்தரக் கூட்டமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. இபப் என்பது வலைப்பக்கங்களை ஒரு பொட்டலமாகக் கட்டியதுதான். கோப்பின் பெயர் நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால், ஒவ்வோர் இயலும் ஒரு வலைப்பக்கமாக உள்ளே இருப்பதைக் காணலாம். ஒருமுறை அப்படித் திறந்து பார்த்தவருக்கு மின்னூலைப் பற்றிய அச்சம் மிச்சமிருக்காது.

லிப்ரே ஆபீஸில் கோப்புப் பட்டியலில் ஏற்றுமதி என்பதற்குள் இபப் வடிவம் இருக்கிறது. காலிபர் மென்பொருளும் வேர்டு கோப்பை இபப் ஆக்கும். அதன்பின் உள்ளே நுணுக்கமாகத் திருத்த சிகில் என்ற இலவசத் தொகுப்பி உண்டு. நூல் விவரங்களை நிரப்பும்போது தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டு ஆண்டு, உரிமம் ஆகியவற்றோடு மொழி என்ற இடத்தில் தமிழைத் தவறாமல் தேர்ந்தெடுங்கள். இதை ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், உரையை ஒலியாக்கும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலக்கூடும். என்விடிஏ போன்ற இலவசத் திரைபடிப்பான்கள் தமிழைப் படித்துக் காட்டுகின்றன. ஒரு சிறு கவனக்குறைவால் அந்த வாசகர்களை நாம் வெளியே நிறுத்திவிடக் கூடாது.

எழுத்துருவை மின்னூலுக்குள் பொதிந்து தர விரும்பினால் திறந்த உரிமம் கொண்ட நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுடன் வரும் எழுத்துருக்களை அப்படிப் பிறருக்கு வழங்க உரிமை கிடையாது. முகப்புப் படம் 1600 புள்ளி அகலமும் 2560 புள்ளி உயரமுமாக இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். முடிந்த கோப்பை இபப்செக் என்ற சோதனைக் கருவியில் ஒருமுறை ஓட்டி, பிறகு வீட்டில் கிடைக்கும் மிகப் பழைய கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். பெரிய திரையில் ஒளிந்திருந்த பிழைகள் அங்கே தெரியும்.

எங்கே வெளியிடுவது

தமிழில் இந்த வழியை வெட்டியவர்கள் தன்னார்வலர்கள். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் ஆளுக்குச் சில பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்ப, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் அடைக்கலமாயிற்று. 2013-இலிருந்து ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் குழுவினர் பிறர் பகிர்ந்துகொள்ள இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்களைப் பல வடிவங்களில் இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். நூலை எல்லோருக்கும் இலவசமாகத் தர விரும்புவோர் அவர்களை அணுகலாம்.

பொதுவுடைமையான நூலாயின் விக்கிமூலம் சிறந்த இடம். அங்கே ஸ்கேன் செய்த பக்கமும் உரையும் அருகருகே நிற்க, யார் வேண்டுமானாலும் மெய்ப்புப் பார்க்கலாம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், வேறொருவர் மீண்டும் சரிபார்த்தது பச்சை என்று நிறம் மாறும். மெய்ப்புப் பார்க்கத் துணை கிடைக்காமல் தனியே போராடுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விற்பனை செய்ய விரும்புவோருக்கு, 2016 டிசம்பரில் தமிழ் நூல்களுக்குக் கதவு திறந்த அமேசானின் கிண்டில் இருக்கிறது. இபப் அல்லது வேர்டு கோப்பை நேரடியாக ஏற்றலாம். ஆசிரியருக்கு 35 அல்லது 70 விழுக்காடு என இருவகைப் பங்கு உண்டு. இந்திய விற்பனைக்கு உயர்ந்த பங்கைப் பெற, மின்வடிவை 90 நாள் தவணைகளில் அமேசானில் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளும் திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்துவிட்டு அதே மின்னூலை வேறு தளத்தில் இலவசமாக வைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். எனவே இலவசமா, விற்பனையா என்பதை முதலிலேயே தீர்மானித்து, கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விதிகளை முழுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். உலகத் தர நூல் எண் (ஐஎஸ்பிஎன்) வேண்டுமானால், இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி விண்ணப்பத்துக்குக் கட்டணமின்றி வழங்குகிறது. யாரேனும் இதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வெளியிட்டபின் வாசகர்கள் பிழைகளைச் சுட்டி எழுதுவார்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் மின்னூலாக்கிய நாளையும் பதிப்பு எண்ணையும் குறித்து வைத்தால், திருத்திய கோப்பை 1.1, 1.2 என்று எண் மாற்றி மீண்டும் ஏற்ற வசதியாக இருக்கும். பெரியப்பாவின் நூல் இப்போது 1.4-இல் நிற்கிறது. நான்காம் திருத்தத்தை அனுப்பியவர் அவரிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவி. நூலில் மூன்று இடங்களில் வல்லின ஒற்று விட்டுப்போயிருந்ததை இடம் குறித்து எழுதியிருந்தார்.